கிணற்று மேட்டுக்கு மோட்டார் தந்த ஜி.டி. நாயுடு

சித்திரை பிறந்துவிட்டால் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் காயில் கட்டும் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. வாசல் வரை மோட்டார்கள் கிடக்கும். கருகிய வார்னிஷ் வாடை ரோட்டுக்கே வரும். தென்னைக்கும் பாக்குக்கும் வாழைக்கும் தண்ணீர் அதிகம் வேண்டிய மாதம் அது. மோட்டார் நெடுநேரம் ஓடுவதும், வோல்டேஜ் இறங்குவதும், போரில் நீர்மட்டம் கீழே போவதும் அதே மாதத்தில்தான். எல்லாம் ஒன்றுசேர்ந்து வரும்போது காயில் கருகுகிறது. கடைக்குப் போன மோட்டார் திரும்பிவர நான்கைந்து நாளாகும். அதற்குள் பூவெடுத்த தக்காளி தலை சாய்ந்துவிடும்.

போன வருடம் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவருக்கு ஒரே கோடையில் இரண்டு முறை காயில் போயிற்று. புது போர், புது மோட்டார், நல்ல கம்பெனி. இருந்தும் ஏன் என்று என்னிடம் கேட்டார். நான் உழவியல் படித்தவன். பயிருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்டால் சொல்வேன். மோட்டார் ஏன் கருகியது என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. காயில் கட்டுபவர்களிடமும் பம்ப் செய்பவர்களிடமும் போய் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்கும்போது, கோவையில் மோட்டார் செய்யத் தொடங்கிய மனிதரின் வாழ்க்கையையும் திரும்பப் படித்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இரண்டும் புரியும் என்று தோன்றியது.

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி. நாயுடு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அறியாதவர் கோவையில் குறைவு. ஆனால் அவர் கதையைக் கேட்டால் சவரக் கத்தி, ரேடியோ, இரண்டாயிரம் ரூபாய் கார் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நம் கிணற்று மேட்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை விவசாயிகளே மறந்துவிட்டோம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அப்பாவின் தோட்டத்து வேலைதான் அதன் பிறகு.

ஒருநாள் வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடும் வண்டியை அந்த இளைஞர் அதுவரை பார்த்ததில்லை. அதை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தார். கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் உழைத்துச் சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றிவரவில்லை. அக்கு அக்காகக் கழற்றினார். மறுபடி பூட்டினார். அவருடைய பள்ளிக்கூடம் அங்கேதான் தொடங்கியது. பொருளைத் திறந்து பார்த்தால்தான் அது எதனால் ஓடுகிறது, எதனால் நின்றுபோகும் என்று தெரியும் என்ற பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நன்றாகச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சுச் சந்தையில் அதை இழந்தும் வந்தார். பருத்தி விலையை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர் உண்டு. அவரும் அதில் ஒருவர். திரும்பி வந்தவருக்குக் கோவையில் ஆலையும் மோட்டார் வண்டித் தொழிலும் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். பாதிப் பணம் கடனாகக் கிடைக்க, 1920ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவரே. அந்தக் காலத்துப் பஸ்ஸை ஓட்டுவது என்றால் பாதி வேலை என்ஜினைக் கொதிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். தண்ணீர்க் கேன் இல்லாமல் யாரும் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். 1933 வாக்கில் அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., சுமார் 280 பஸ்களை ஓட்டியது. அத்தனை வண்டிகளையும் பழுதுபார்க்கச் சொந்தப் பட்டறை, சொந்த ஆட்கள். கோவைக்கு ஒரு தொழிலாளர் தலைமுறையே அங்கிருந்து கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932ல் ஓடத் தொடங்கி, கோவைப் பக்கம் மின்சாரம் இறங்கி வந்தது. நூற்பாலைகள் அதனால் பெருகின என்று எல்லாரும் எழுதுவார்கள். விவசாயத்தில் நடந்ததை அந்த அளவுக்கு எழுதுவதில்லை. அதுவரை கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலைதான். இரண்டு மாடு, ஒரு சால், தோல் தும்பி, வடக்கயிறு, வால்கயிறு. கிணறு ஆழமாக ஆழமாக மாடு நடக்கும் தூரமும் கூடும். விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை ஓட்டினால்தான் ஒரு துண்டு நிலம் நனையும். 60, 70 அடிக் கிணறு இருந்தும், தண்ணீர் இருந்தும், மாட்டின் மூச்சுக்குத் தக்கபடிதான் வெள்ளாமை வைக்க முடிந்தது. கம்பி வந்தபோது அந்தக் கணக்கு மாறியது.

ஆனால் கம்பி வந்தால் போதாது, மோட்டாரும் வேண்டும். அன்றைக்கு மோட்டார் இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இருந்து கப்பலில் வந்தது. விலை அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், கெட்டுப்போனால் யார் பார்ப்பது? உதிரிப் பாகத்துக்குக் கப்பல் வரும்வரை வெள்ளாமை காத்திருக்காது.

1937ல் பீளமேட்டில் நாயுடு நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் அங்கிருந்து வெளிவந்தது. இதில் நாயுடு பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கி, ஆலை இயந்திரங்களையே கோவையில் செய்துகாட்டியவர் அவர்தான். பணமும் துணிச்சலும் ஒருவருடையது, கைவேலையும் கணக்கும் மற்றவருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத கூட்டு அது.

மோட்டார் செய்வதில் அப்படி என்ன கஷ்டம்? சுழல வைப்பது பெரிய காரியமில்லை. இரும்பு, செம்புக் கம்பி, மின்சாரம் இருந்தால் சுழன்றுவிடும். சூடாகாமல் வருடக்கணக்கில் சுழல வைப்பதுதான் தொழில். மோட்டார் செய்கிறவரின் வேலையில் பெரும்பகுதி சூட்டோடு நடத்தும் சண்டை என்பது நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட விஷயம். 1937ல் பீளமேட்டில் செய்தவர்களுக்கும் சரி, இன்று கணபதியிலும் பீளமேட்டிலும் செய்பவர்களுக்கும் சரி, இந்தச் சண்டை ஒன்றேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 எச்.பி. மோட்டார் வெளியே தரும் வேலை சுமார் 3,700 வாட். அதன் திறன் 80 சதம் என்றால் உள்ளே இழுப்பது ஏறத்தாழ 4,650 வாட். நடுவில் காணாமல் போன 900 வாட்டுக்கு மேல் உள்ளது முழுக்கச் சூடு. அதாவது வீட்டில் வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ஒன்றை மோட்டாருக்குள்ளே போட்டு, அது ஓடும் நேரமெல்லாம் எரியவிடுவது போல. திறன் 88 சதமாக உயர்ந்தால் அந்தச் சூடு 500 வாட்டுக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். பாதிக்குப் பாதி குறைச்சல் என்றே சொல்லலாம். நல்ல மோட்டாருக்கும் மட்டமான மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு மின் கட்டணத்தில் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அந்தச் செலவு கண்ணில் படாது. காயில் கட்டும் கடைக்குக் கொடுக்கும் பணத்தில்தான் அது தெரியவரும்.

இந்தச் சூடு முக்கியமாக இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று செம்பு. கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு வரும். மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. கம்பி தடிமனாக இருந்தால் சூடு குறையும். அதனால்தான் நல்ல மோட்டார் தூக்கும்போது கனக்கும். செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டால் விலை குறையும். ஆனால் அலுமினியம் செம்பில் 61 சதம் அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதே காடியில் அதே தடிமன் அலுமினியம் சுற்றினால் காயிலில் 60 சதத்துக்கு மேல் கூடுதல் சூடு. காயில் கட்டக் கொடுக்கும்போது கம்பி செம்புதானா, பழைய கேஜ்தானா, சுற்று எண்ணிக்கை குறையவில்லையா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது தவறில்லை. எங்கள் வீட்டு மோட்டாருக்கு ஒருமுறை ஒரு கடையில் கேஜ் குறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அது இரண்டு மாதம்கூட ஓடவில்லை. அன்றைக்கு அப்பா என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று இரும்பு. மோட்டாரின் உள் இரும்பு ஒரே கட்டியாக இருந்தால், அதிலும் மின்சாரம் சுழன்று சுழன்று ஓடிச் சூடாக்கிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவது இப்படித்தான். இதைத் தடுக்கத்தான் சிலிக்கான் கலந்த எஃகை அரை மில்லிமீட்டர் தகடுகளாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டி மின்சாரம் கடக்காதபடி மேலே பூச்சுப் பூசி, அடுக்கி இறுக்குகிறார்கள். கோவையில் இதற்கு ஸ்டாம்பிங் என்று பெயர். கருகிய காயிலை எடுக்கச் சில கடைகளில் தீ வைத்து எரிப்பார்கள். வேலை சுலபம். ஆனால் அந்தத் தீயில் ஸ்டாம்பிங் தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சும் போய்விடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் அந்த மோட்டார் பழையபடி குளிர்ந்து ஓடாது. இரண்டு மூன்று முறை காயில் கட்டிய மோட்டார் அடிக்கடி படுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறந்த சூடு வெளியே போக வேண்டும். அது வெளியேறும் வரை தாங்கி நிற்பது கம்பியைச் சுற்றியுள்ள காப்புதான். நாயுடு காலத்தில் பருத்தி நூல், பட்டு, காகிதம் ஆகியவற்றை வார்னிஷில் ஊறவைத்துக் காப்பாகப் போட்டார்கள். இது ஏ வகுப்பு. 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பின்னால் செயற்கை எனாமலும் கண்ணாடி இழையும் வந்தன. பி வகுப்பு 130, எஃப் வகுப்பு 155, எச் வகுப்பு 180 டிகிரி வரை தாங்கும். மோட்டார் பெயர்ப் பலகையில் இந்த எழுத்து இருக்கும். வாங்கும்போது நாம் எச்.பி.யைத்தான் பார்க்கிறோம், இதைப் பார்ப்பதில்லை. காப்பின் எல்லையைத் தாண்டி 10 டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. 20 டிகிரி ஏறினால் கால்பங்கு.

சூட்டை வெளியேற்றுவது உடலின் வேலை. வார்ப்பிரும்பு உடலில் வரிவரியாக இருக்கும் துடுப்புகள் அழகுக்கு இல்லை. காற்று படும் பரப்பைக் கூட்டுவதற்கு. பின்பக்கத்து விசிறி அந்த வரிகளின் நடுவே காற்றைத் தள்ளும். கோவை ஏற்கெனவே இரும்பு வார்க்கப் பழகிய ஊர். இந்தத் துடுப்பு வைத்த உடலை வார்க்க வெளியூர் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மோட்டார்த் தொழில் இங்கே வேரூன்றியதற்கு மின்சாரம் எவ்வளவு காரணமோ அந்த அளவுக்கு வார்ப்புப் பட்டறைகளும் காரணம் என்பது என் எண்ணம். சரி, நாம் என்ன செய்கிறோம்? மோட்டார் அறையில் ஜன்னல் வைப்பதில்லை. தகரக் கூரை போடுகிறோம். துடுப்புகளின் நடுவே மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக் கிடக்கும். சிலர் சூடு தணியட்டும் என்று ஈரச் சாக்கைப் போர்த்துகிறார்கள். சாக்கு காற்றை அடைத்துவிடும். ஈரம் உள்ளே இறங்கிக் காப்பையும் கெடுக்கும். வருடத்துக்கு இரண்டு முறை துடுப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விசிறி மூடியின் ஓட்டைகளை அடைப்பில்லாமல் வைத்தாலே போதும்.

வோல்டேஜ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 350 வந்தால், அதே தண்ணீரை இறைக்க மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். காயிலில் சூடு தோராயமாக 40 சதம் கூடும். நம் ஊர் மின்கம்பியின் குணம் தெரிந்துதான், பம்ப் மோட்டார்களுக்கான இந்தியத் தரக் குறியீடு 15 சதம் வரை குறைந்த வோல்டேஜையும் தாங்கும்படி செய்யச் சொல்கிறது. அதைவிட மோசமானது மூன்று பேஸ்களும் சமமில்லாமல் வருவது. மூன்றரை சதம் ஏற்றத்தாழ்வு இருந்தாலே காயிலின் சூட்டு உயர்வு கால்பங்கு கூடிவிடும். ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதை அழுத்திக் கட்டிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ரிலே விழுவது மோட்டாரைக் காப்பாற்றத்தான். அதைக் கட்டிவைத்த கையோடு காயில் கட்டும் கடைக்கும் சொல்லிவைத்துவிடலாம்.

நாயுடுவிடம் திரும்புவோம். மோட்டாரோடு அவர் நிற்கவில்லை. மின்கலத்தில் ஓடும் ரேசன்ட் என்ற சவரக் கருவி, மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று வரிசை நீளம். ஐந்து வால்வு ரேடியோவை 1941ல் 70 ரூபாய்க்குச் செய்யலாம் என்று காட்டினார். ஐரோப்பாவுக்குப் போனவர் 1936ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். கைக்குக் கிடைத்த எதையும் திறந்து பார்க்காமல் விட்டதில்லை.

1944ல் பஸ் தொழிலில் இருந்து விலகினார். அடுத்த ஆண்டு, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் கொடையளித்தார். சில காலம் முதல்வராகவும் இருந்தார். பொறியியல் படிப்புக்கு இத்தனை வருடம் தேவையில்லை, கையால் செய்து பழகினால் குறைந்த காலத்தில் கற்றுக்கொடுக்க முடியும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைக்குத் தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆனால் அவிநாசி ரோட்டில் பழைய இடத்துக்கு வந்ததும் இன்னமும் கண்டக்டர் ஹோப் காலேஜ் என்றுதான் குரல் கொடுக்கிறார். முனைவர் பட்டம் வரை படித்த எனக்கு நாயுடுவின் வாதம் முழுக்க உடன்பாடில்லை. ஆனாலும் என் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் கல்லூரி இல்லை, காயில் கட்டும் கடை என்பதையும் மறைக்க முடியாது.

1952ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குச் செய்தார். உற்பத்திக்கு அரசு அனுமதி கொடுக்கவில்லை. வரி, லைசென்ஸ் என்று வந்த தடைகளில் மனம் வெறுத்துத் தான் செய்த பொருள்களையே மக்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். அந்தக் கோபம் நியாயமானதுதான். அந்த உடைப்பால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. விலை கிடைக்காத தக்காளியை ரோட்டில் கொட்டும் விவசாயிக்கு ஒருவேளை விளங்கலாம்.

அவருக்கு மண்ணின் மீதும் ஆசை போகவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் சொந்த நிலத்தில் பரிசோதனைகள் செய்தார். சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவர் பண்ணையை நேரில் வந்து பார்த்திருக்கிறார்கள். 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் உள்ள காட்சியகத்தில் அவர் செய்த பொருள்களைப் பார்க்கலாம். வேளாண் மாணவர்களை நான் அழைத்துப் போவதுண்டு. பிள்ளைகள் காரின் பக்கம்தான் ஓடுவார்கள்.

அவர் மறைந்த காலத்திலேயே கொங்கு நாட்டில் கிணறுகள் வறளத் தொடங்கிவிட்டன. கிணற்று மேட்டில் உட்கார்ந்து இறைத்த மோட்டார் தண்ணீரைத் தேடிப் போருக்குள் இறங்கியது. சூட்டோடு சண்டை என்ற பழைய தொழில் அங்கே வேறு உருவம் எடுத்தது. ஆழத்தில் காற்று இல்லை, விசிறிக்கு வேலை இல்லை. மோட்டாரைக் குளிர்விப்பது அது மூழ்கியிருக்கும் தண்ணீர். அதில் ஒரு வசதி உண்டு: காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நம் பக்கத்து நீர்மூழ்கி மோட்டார்கள் பலவற்றில் உள்ளேயும் தண்ணீர்தான் நிரப்புகிறார்கள். காயில் கம்பிக்கு எனாமலுக்குப் பதில் பிவிசி, பாலியெஸ்டர் போன்ற நீர்புகா உறை. அந்த உறைக்கு ஒரு குறையும் உண்டு. பிவிசி தாங்குவது 70 டிகிரி செல்சியஸ் வரைதான். மேட்டில் உள்ள எஃப் வகுப்பு மோட்டார் சிரமமில்லாமல் தாங்கும் சூட்டில், போருக்குள் இருக்கும் மோட்டாரின் உறை இளகிவிடும். அதனால் நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்ச்சியாக வைப்பது இன்னும் கறாரான வேலை. இறக்கும் முன் உள்ளே சுத்தமான தண்ணீரை முழுதாக, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். சேற்றில் புதையாமல் போரின் அடியில் இருந்து சில அடி தூக்கி நிறுத்த வேண்டும். இதுவரை பலருக்கும் தெரியும்.

அந்த அண்ணனின் மோட்டாரில் இவை எல்லாமே சரியாகத்தான் இருந்தன. அவர் போரில் தண்ணீர் ஊற்று 400 அடியில். நீர்மட்டம் இறங்கும் என்று பயந்து மோட்டாரை 550 அடியில் இறக்கியிருந்தார். நீர்மூழ்கி செட்டில் பம்ப் மேலே, மோட்டார் கீழே, தண்ணீர் உறிஞ்சும் வாய் இரண்டுக்கும் நடுவில். மேலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் நேராக உறிஞ்சும் வாய்க்குள் போய்விடுகிறது. கீழே இருக்கும் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு ஒரு சொட்டும் ஓடுவதில்லை. மோட்டார் தண்ணீரில்தான் மூழ்கியிருக்கிறது, ஆனால் அது நின்ற தண்ணீர். ஓட ஓட அந்தத் தண்ணீரும் சேர்ந்து சூடாகிறது. கோடையில் நாள் முழுக்க ஓட்டியபோது காயில் உறை இளகிவிட்டது. போர் செட்டை அகலமான திறந்த கிணற்றில் இறக்குபவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

இதற்கு வைத்தியம் சின்னது. மோட்டாரைவிடச் சற்றுப் பெரிய பிவிசி குழாயை உறை போல மாட்டி, மேல்முனையை உறிஞ்சும் வாய்க்கு மேலே இறுக்கி மூடி, கீழ்முனையை மோட்டாருக்குக் கீழே திறந்து விட வேண்டும். தண்ணீர் உறைக்கு வெளியே கீழே இறங்கி, உள்ளே மோட்டாரை உரசிக்கொண்டு ஏறித்தான் உறிஞ்சும் வாய்க்கு வந்தாக வேண்டும். ஆறரை அங்குலப் போரில் நாலு அங்குல மோட்டார் இருந்தால் இதற்கு இடம் போதும். ஆறு அங்குல மோட்டார் என்றால் இடம் இருக்காது. ஊற்றுக்கு மேலே தூக்கிக் கட்டுவதுதான் வழி. அண்ணனுடையது நாலு அங்குலம். மூன்றாம் முறை காயில் கட்டியபோது, கடைக்காரரே உறையை மாட்டிக் கொடுத்தார். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. கருகி வந்த மோட்டார்களைத் திறந்து பார்த்தே இதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

இந்தச் சித்திரையில் அண்ணன் மோட்டாரை மேலே தூக்கவில்லை. ஒருமுறை ஸ்டார்ட்டரில் ஃப்யூஸ் போயிற்று, அவ்வளவுதான்.